உட்கார்ந்தாலே மனசு குத்துது: தினம் அரை மணி நேரம் ஓய்வெடுக்க வழி சொல்லுங்க

புளியரை மல்லி

வணக்கம். எங்க வீடு செங்கோட்டை பக்கத்துல புளியரையில, வயலை ஒட்டி. மாடிக்குப் போனா மலை மொத்தமும் கண்ணு முன்னால நிக்கும். அப்படி இருந்தும் அதை நிமிர்ந்து பார்க்க நேரமில்லைன்னு சொன்னா சிரிப்பீங்க.

வீட்டுலயே தையல் தொழில். மாமியார் இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில இருக்காங்க. வீட்டுக்காரர் டிப்பர் ஓட்டுதாரு, ராத்திரிதான் வருவாரு. பிள்ளைங்க ஆறாப்பும் ஒன்பதாப்பும் படிக்குதுங்க.

கேள்வி மூணு.

ஒண்ணு: பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாலே திருட்டு வேலை செய்யுற மாதிரி இருக்கு. வாசல்ல ஆள் சத்தம் கேட்டா கையில ஒரு துணியை எடுத்துக்கிடுதேன். இதை எப்படி விடுறது?

ரெண்டு: ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட குற்றாலம் போயிட்டு வந்தா திங்கட்கிழமை உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஓய்வுக்குத்தானே போறோம், ஏன் இப்படி?

மூணு: பொம்பளை தனியாப் போய் மரம், தண்ணியைப் பார்த்து உட்கார இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க, எந்த நேரத்துல சரிப்படும்? ஸ்கூட்டி இருக்கு. நேரம் அரை மணி, மிஞ்சிப்போனா ஒரு மணி.

தியானம், யோகா கிளாஸ்னு சொல்லிராதீங்க. அதுவும் இன்னொரு வேலையாயிரும்.

வேம்படி

மல்லிக்கா, ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கிறேன். அது தெளிஞ்சா மத்தது லேசு.

சீசன் ஞாயித்துக்கிழமை குற்றாலத்துல உங்க பங்குக்கு என்னென்ன வேலை வருதுன்னு பாருங்க. விடியறதுக்கு முன்னாடி எழும்பி புளியோதரை கிண்டணும், மாத்துத்துணி எடுத்து வைக்கணும், வண்டி நிறுத்த இடம் தேடணும், வரிசையில நிக்கணும், கூட்டத்துல பிள்ளைங்க மேல ஒரு கண்ணு, குரங்கு மேல ஒரு கண்ணு. திரும்பி வந்து ஈரத்துணி மூட்டையைத் துவைக்கணும். இதுல யாருக்கு ஓய்வு? குளிச்சவங்களுக்கு. உங்களுக்கு இடம் மட்டும்தான் மாறியிருக்கு, காவல் வேலை மாறல.

கவனத்துல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, நாமளே இழுத்துப் பிடிச்சு வைக்கிறது: தையல் கோடு, மருந்து நேரம், பால் பொங்குதான்னு பார்க்கிறது. இன்னொண்ணு, தானாப் போய் ஒட்டிக்கிறது: இலை அசையறது, மேகம் மலையில உரசிட்டுப் போறது, தண்ணியில வட்டம் விரியறது. முதல் வகை தேயும். ரெண்டாவது ஓடிட்டு இருக்கும்போதுதான் முதல் வகைக்குத் தேறுற வாய்ப்பு கிடைக்குது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான்னு அமெரிக்காவுல உளவியல் பேராசிரியர்களா இருந்த தம்பதி 1989-ல இதை விரிவா எழுதினாங்க. அதனால பார்க்கப் போற காட்சி நம்மகிட்ட எதையும் கேட்கக் கூடாது. நெரிசல்ல நிக்கிற அருவி கேட்டுக்கிட்டே இருக்கும்.

எவ்வளவு நேரம் வேணும்? இங்கிலாந்துல ஏறக்குறைய 20,000 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வு 2019-ல வந்துச்சு. வாரத்துக்கு 120 நிமிஷமாவது மரம், பூங்கா, கடற்கரைன்னு இருந்தவங்க, உடம்பும் மனசும் நல்லா இருக்கிறதா சொன்னது அதிகம். ஒரே நாள்ல இருந்தாலும் பிரிச்சு இருந்தாலும் வித்தியாசம் தெரியல. (நல்லா இருக்கிறவங்கதான் வெளிய அதிகம் போறாங்களோன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால இதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்க வேண்டாம், ஒரு அளவுகோலா வச்சுக்கலாம்.) தினம் 20 நிமிஷம்னா வாரத்துக்கு 140 ஆச்சு. ஞாயித்துக்கிழமைப் பயணமே தேவைப்படாது.

இனி மனசு குத்துறது. வேலை எல்லாம் முடிச்சிட்டு உட்காரலாம்னு இருக்கிற வரைக்கும் குத்தும். வீட்டு வேலைக்கு முடிவு கிடையாதுல்லா. அதனால ஓய்வை வேலையோட வாலில் கட்டாதீங்க, நடுவுல ஒரு நேரத்துல நட்டுருங்க. ஆரம்பிக்கிற நேரமும் முடியுற நேரமும் ரெண்டும் இருக்கணும். முடியுற நேரம் தெரியாமத்தான் பாதிக் குத்தலும் வருது: "எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேனோ" அப்படின்னு. பழைய அலாரம் டைம்பீஸ் ஒண்ணு கூட எடுத்துட்டுப் போங்க. போன்ல வைக்காதீங்க, மணி பார்க்க எடுத்த கை வாட்ஸப்பைத் தொடாம இருக்காது, அதுல ஒரு கஸ்டமர் கழுத்து டிசைன் அனுப்பியிருப்பாங்க.

வீட்டுல அனுமதி கேட்காதீங்க, தகவல் சொல்லுங்க. "போகட்டுமா"ன்னு கேட்டா அன்னிக்கு ஒரு வேலை கண்டிப்பா முளைக்கும். "ஆறரையில இருந்து ஏழு வரைக்கும் மாடியில இருப்பேன், அடுப்பு அணைஞ்சிருக்கு, காபி பிளாஸ்க்ல இருக்கு" அப்படின்னு தினமும் ஒரே வாக்கியமாச் சொல்லுங்க. நேரத்தை மாத்தாதீங்க. ஒரே நேரத்துல நடக்கிற எதையும் வீடு ரெண்டு மூணு வாரத்துல ஏத்துக்கிடும், ரேஷன் கடைக்குப் போறதை யாரும் கேள்வி கேட்கிறதில்ல பாருங்க.

இது கெட்டுப்போற இடங்கள் எனக்குத் தெரிஞ்சு நாலு. கையில வேலையோட போறது: கீரை ஆய, பட்டன் தைக்க, துணி மடிக்க. கொடித்துணியோ துவைகல்லோ கண்ணுல படுற மாதிரி உட்கார்றது. நாற்காலியைத் திருப்பிப் போட்டாலே இது தீரும். கூடவே ஆள் சேர்த்துக்கிறது; பேச்சு வந்தா அது வேற வகை, நல்லதுதான், ஆனா ஓய்வுக் கணக்குல சேராது. நாலாவது, முதல் பத்து நிமிஷத்துலயே "நமக்கு இது சரிப்படாது"ன்னு எந்திரிச்சிர்றது. அந்தப் பத்து நிமிஷமும் பாக்கி வேலை எல்லாம் வரிசையா ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும். துண்டுச் சீட்டும் பென்சிலும் வச்சுக்கோங்க. வந்ததை எழுதி மடிச்சு டைம்பீசுக்கு அடியில வச்சிருங்க. அதைத் தலைக்குள்ள பிடிச்சு வைக்கிற வேலை போச்சுன்னா பதினைஞ்சாவது நிமிஷத்துல இருந்து கண்ணு தானா மலைக்குப் போகும்.

ஆள் வந்தா துணியை எடுக்கிறீங்கன்னு சொன்னீங்களே, அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல துணியே வைக்காதீங்க. காபி டம்ளர் வச்சுக்கோங்க. காபி குடிக்கிறவங்களை யாரும் ஏன் சும்மா இருக்கேன்னு கேட்கிறதில்ல.

வடகரை நர்ஸ்

தங்கச்சி, மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா படுக்கையில ஆள் இருக்கிற வீட்டுல அரை மணி எப்ப எடுக்கணும்கிறது ரொம்ப முக்கியம்.

படுக்கைப்புண் வராம இருக்க ரெண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்க. எந்தப் பக்கம், எவ்வளவு சாய்க்கலாம்னு டாக்டர் சொன்னபடியே செய்யுங்க, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலையணை இல்லாமப் புரட்டாதீங்க. அப்படிப் புரட்டி முடிச்ச நேரம்தான் உங்களுக்கான நேரம். வரிசை இப்படி: டயபர் பார்த்து மாத்துறது, பக்கம் மாத்துறது, கை எட்டுற இடத்துல தண்ணி, கண்ணாடி, அழைப்பு மணி. அப்புறம் கதவைச் சாத்தாம வெளிய வாங்க. அடுத்த வேலைக்கு ஒண்ணரை மணி நேரம் இருக்கு, அதுல அரை மணி உங்களுது.

சாப்பாடு கொடுத்த கையோட போகக் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது தலைப்பக்கம் உசத்தி, சாய்ஞ்ச மாதிரி இருக்கணும். புரையேறுச்சுன்னா பக்கத்துல ஆள் வேணும்.

அழைப்பு மணிக்கு எலக்ட்ரிக்கல் கடையில ஒயர் இல்லாத காலிங் பெல் கேளுங்க. பட்டனைக் கட்டில் சட்டத்துல, அவங்க நல்லா இருக்கிற கைப்பக்கம் ஒட்டணும். மணியை மாடிப்படி மேல உள்ள பிளக்குல சொருகணும். கான்கிரீட் தளம் தாண்டினா சில பெல் கேட்காது, அதனால வாங்கின அன்னிக்கே ஆளை விட்டு அமுக்கச் சொல்லிப் பாருங்க, கேட்கலைன்னா படிக்கட்டு வாசலுக்கு இறக்குங்க. கரண்ட் போனா மணியும் போச்சு, அன்னிக்கு கீழேயே புறவாசல்ல உட்காருங்க.

கட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கு? சுவரைப் பார்த்துன்னா திருப்பிப் போடுங்க. ரோஜர் உல்ரிக்னு ஒருத்தர் 1984-ல வெளியிட்ட ஆய்வு ஆஸ்பத்திரிக்காரங்க மத்தியில பிரபலம். பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரி, பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேர். ஜன்னல்ல மரம் தெரிஞ்ச படுக்கையில இருந்தவங்க, செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, கடுமையான வலிமருந்தும் குறைவாத்தான் கேட்டாங்க. உங்க மாமியாருக்கு வயலும் மலையும் தெரியுற ஜன்னல் கிடைச்சா கூப்பிடுறதும் கொஞ்சம் குறையலாம். நடுமத்தியான வெயில் முகத்துல விழாமப் பார்த்துக்கோங்க.

உதவி கேட்கிறதுல தப்பில்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல இருந்து நடக்குது. படுக்கையில இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் கொடுக்கிறது அதுல இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க. அவங்க வர்ற அந்த நேரம் கூட நீங்க கொஞ்சம் நடந்துட்டு வரலாம்.

இன்னொண்ணு, கண்டிப்பா. நல்லாத் தூங்கியும் காலையில எழும்ப முடியல, படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொட்டுதுன்னா அதுக்கு மலையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூணும் பாருங்க. பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகைதான். அதே மாதிரி ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஒட்டுதல் இல்லாம, அழுகையாவோ வெறுமையாவோ இருந்தா 14416-ஐக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

சிற்றாற்றங்கரை

மூணாவது கேள்வி என் பக்கம். நம்ம ஊருல மலை மேற்கே இருக்கு. அதனால காலையில சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால, வெளிச்சம் பூரா மலை மேல. ஆறரையில இருந்து எட்டு மணிக்குள்ள ஒவ்வொரு மடிப்பும், ஓடைத் தடமும் தனித்தனியாத் தெரியும். சாயங்காலம் நேர்மாறு. நாலு, நாலரைக்கு கண்ணு கூசும். சூரியன் மலைக்குப் பின்னால இறங்கினதும் கூச்சம் போயிரும், ஆனா அடிவாரத்துல சீக்கிரமே இருட்டும். தனியாப் போற ஆளுக்குக் காலைதான்.

மாடி: ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியா மேக்காத்து பிச்சு எடுக்கும்லா. தண்ணித் தொட்டிக்குக் கிழக்குப் பக்கம், சுவரை ஒட்டி உட்கார்ந்தா காத்து தலைக்கு மேல போயிரும். மலை தெரிய, நாற்காலியைத் தொட்டியோட ஓரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டாப் போதும். சாரல் அஞ்சு நிமிஷம் பெய்யும், பத்து நிமிஷம் வெயில் அடிக்கும். குடை அந்தக் காத்துல மடங்கிரும். பிளாஸ்டிக் நாற்காலி, தொப்பி வச்ச மழைக்கோட்டு, இது ரெண்டும் போதும்.

பண்பொழி திருமலைக்கோவில்: உங்களுக்கு முதல் சிபாரிசு இதுதான். பொம்பளை தனியா ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏன்னு கேட்காத இடம் நம்ம ஊருல கோயில் பிரகாரம் மட்டும்தான். படிக்கட்டும் இருக்கு, வண்டி போற பாதையும் இருக்கு, ஸ்கூட்டி ஏறும். மேல இருந்து ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வயலும் குளமும் தென்னந்தோப்பும். கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் தவிர்த்து வார நாள் காலையில போங்க. பொரிகடலை, தேங்காய் மூடியை வெளிய தெரியுற மாதிரி கையில வச்சிருந்தா குரங்கு வரும். அதுங்களுக்குக் கேரி பேக் சத்தமே போதும், துணிப்பை நல்லது.

குற்றாலத்துல ஐந்தருவிக்கு மேல தோட்டக்கலைத் துறையோட சுற்றுச்சூழல் பூங்கா இருக்கு. டிக்கெட் உண்டு, உள்ள காவலாளி உண்டு, மர நிழல்ல பெஞ்சு உண்டு. அருவிச் சத்தம் தூரத்துல இருந்து வரும், நெரிசல் வராது. வார நாள்ல, திறந்த உடனே போறது உத்தமம்.

குண்டாறு அணை: செங்கோட்டையில இருந்து கண்ணுப்புளிமெட்டு வழி. வார நாள்ல கரை மேல நின்னு பார்த்துட்டு வரலாம். சனி ஞாயிறு வேண்டாம், மேல உள்ள தனியார் அருவிகளுக்கு ஜீப்பு வரிசையாப் போகும், புழுதிதான் மிச்சம். அணைக்கு அங்கிட்டு தனியாப் போகாதீங்க.

போகவே கூடாத இடமும் சொல்லிர்றேன். கோட்டைவாசல் எஸ் வளைவு ரோட்டோரம்: படம் நல்லா வரும், ஆனா பாரம் ஏத்தின லாரி பிரேக் பிடிச்சு இறங்குற இடம், புகையும் ஹாரனும். மேக்கரை, அடவிநயினார் அணைப் பக்கம் சாயங்காலம் அஞ்சுக்கு மேல: வடகரைத் தோப்புகள்ல யானை இறங்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கடையம், சிவசைலம் மலையடிவாரத்துல விடியக்காலையும் அந்தியும் கரடி நடமாட்டம்.

ஓடை, ஆத்துப் படுகையில பாறை மேல உட்கார ஆசை வரும். கரை மேலயே இருங்க. மழை மலை மேல பெய்யும், நமக்கு இங்க வெயில் அடிச்சிட்டு இருக்கும். பழைய குற்றாலத்துல 2024 மே மாசம் திடீர்னு வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிர் போச்சு. தெளிவா ஓடுற தண்ணி கலங்குது, சருகும் குச்சியும் சேர்ந்து வருது, சத்தம் கூடுதுன்னா செருப்பைத் தேடாம மேல ஏறணும். பேரருவியில பாதுகாப்பு வளைவைத் தொட்டுத் தண்ணி விழுந்தா போலீஸ் விசில் அடிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அட்டை பத்தி யாரும் சொல்லல. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஈரச் சருகு உள்ள இடத்துல, முக்கியமா பாலருவி, ஆரியங்காவு பக்கம் ஏறும். முழுக்கால் பேண்ட், அதைச் சாக்ஸுக்குள்ள சொருகணும். கடிச்சா இழுத்துப் பிய்க்காதீங்க. வாய் இருக்கிற மெலிஞ்ச முனைக்கு அடியில நகத்தை வச்சு பக்கவாட்டில தள்ளினா விட்டிரும். உப்பு, சுண்ணாம்பு, தீக்குச்சி வச்சா அது வயித்துல உள்ளதைக் காயத்துல கக்கும், புண்ணு வைக்கும். ரத்தம் உறையாம இருக்க ஒரு பொருளை அது விட்டுட்டுப் போயிருக்கும், அதனால சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் கொஞ்ச நேரம் கசியும். சுத்தமான துணியை அழுத்திப் பிடிங்க, பயப்பட ஒண்ணுமில்ல.

சபரிமலை சீசன்ல, கார்த்திகை ஒண்ணுல இருந்து தை முதல் வாரம் வரை, குற்றாலம் ரோடு, புளியரை செக்போஸ்ட் ரெண்டும் நெரியும். ஓணம் லீவும் அப்படித்தான். அந்த நாள்ல மாடியை விட்டு இறங்காதீங்க.

உட்கார்ந்து என்ன செய்யணும்னு கேட்பீங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம். பிடிமானம் வேணும்னா காதைக் கொடுங்க. புளியரை வயல்ல காலையில செம்போத்து ஊப் ஊப்னு அடித்தொண்டையில கூப்பிடும். ஆலமரம், அரசமரம் பக்கத்துல இருந்தா செம்மார்புக் குக்குறுவான், செம்பு தட்டுற மாதிரி டொக் டொக்னு விடாம அடிக்கும். ஆள் பச்சை, இலைக்குள்ள தேடினாலும் சட்டுன்னு கிடைக்காது. தவிட்டுக்குருவிங்க ஏழெட்டா வந்து சண்டை போடும். பேர் தெரியலைன்னா பரவாயில்ல. பறவை பேர் சொல்ற ஆப் எல்லாம் இப்ப வேண்டாம், பட்டியல் போட ஆரம்பிச்சா அது ஒரு வேலை.

சுரண்டை செல்வி

குறுக்க வாறேன், மன்னிக்கணும். பீடி சுத்துறவங்களுக்கும் இதே தானா? நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கோம். அதுவும் எண்ணிக்கைக்குக் கூலி, அரை மணி போனா அந்தளவு பீடி போச்சு.

வேம்படி

செல்விக்கா, உங்களுக்கு உட்கார்றது ஓய்வே இல்ல. எது அசந்திருக்கோ அதுக்குத்தான் ஓய்வு. சம்மணம் போட்டு, சுளவை மடியில வச்சு, கழுத்தைக் குனிஞ்சு, கண்ணை ஒரு முழ தூரத்துல நிறுத்தி, விரல் நுனியில வேலை. அப்ப தேவை நிக்கிறது, நடக்கிறது, தூரத்துல பார்க்கிறது.

20 நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி 20 அடிக்கு அப்பால உள்ள மரத்தை 20 நொடி பார்க்கணும்னு கண் டாக்டர்கள் சொல்ற கணக்கு இருக்கு. அதுக்கு கை நிக்கவே வேண்டாம், பழகின கை நூல் கட்டிட்டு இருக்கும்போதே கண்ணு போயிட்டு வரும். ஆனா சுவரைப் பார்த்து உட்கார்ந்தா முடியாது, வாசலைப் பார்த்து உட்காரணும். மணிக்கு ஒரு தரம் எழும்பி ரெண்டு நிமிஷம் நில்லுங்க: கையைக் கோத்துத் தலைக்கு மேல தூக்கி, தாடையை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால உருட்டி.

நீளமான நேரத்துக்கு, இலை ஊறுற நேரத்தை எடுத்துக்கோங்க. நனைச்சு சாக்குல சுத்தி வச்ச பிறகு வெட்ட எடுக்கிற வரைக்கும் இலை உங்களைக் கேட்காது. அந்நேரம் பாத்திரம் தேய்க்கத்தான் போவோம், அதுல 20 நிமிஷத்தை மட்டும் பிரிச்சு குளத்தங்கரைக்கோ தோட்டத்துக்கோ நடங்க. போறதுக்கு முன்ன கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவணும், தூள் மூக்குல இருந்தா வெளிய போயும் அதைத்தான் மூச்சு இழுப்பீங்க.

கூலி விஷயத்துல பூசி மெழுகல. தொடக்கத்துல கொஞ்சம் குறையத்தான் செய்யும். சாயங்காலத்துல கழுத்து வலிச்சு கை மெதுவாகுறது, தலை மடக்கு சரியில்லாம திரும்பி வர்ற பீடி, இதையும் அதே கணக்குல எழுதிப் பாருங்க. ஒரு வாரம் எழுதினா உங்களுக்கே தெரியும், லாபமா நட்டமான்னு. நட்டம்னா மணிக்கு ரெண்டு நிமிஷத்தை மட்டும் வச்சுக்கோங்க, அதுல கை வைக்காதீங்க.

கழுதுருட்டி ரப்பர்

நான் கேரள எல்லைக்கு அங்கிட்டு. ஒரு நாள் முழுசா கிடைச்சா மல்லிக்கா செங்கோட்டையில ரயில் ஏறுங்க. பகவதிபுரம் தாண்டி குகை, ஆரியங்காவு, கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலம், தென்மலை. மீட்டர் கேஜா 1904-ல போட்ட பாதை, அகலப்பாதையாகி 2018-ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. மெதுவாத்தான் போகும், அது நமக்கு நல்லது. ரயில்ல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு யாரும் வேலை சொல்ல முடியாது, ஜன்னல்ல பச்சையா ஓடிட்டே இருக்கும். வண்டி கொஞ்சம்தான், அதனால திரும்பி வர்ற வண்டியோட நேரத்தை முதல்ல பார்த்துட்டு அப்புறம் போற வண்டியை முடிவு பண்ணுங்க. பாலருவிக்கு அன்னிக்குப் போகாதீங்க, அது தனி நாள், மழை கூடினா வனத்துறை மூடிருவாங்க.

புளியரை மல்லி

எல்லாருக்கும் நன்றி. நர்ஸக்கா, கட்டிலை இன்னைக்கே திருப்பிப் போட்டாச்சு, ஜன்னல் பக்கம் தலை வச்சா வெயில் அடிக்குது, கால் பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி போட்டிருக்கு, சரிதானே?

இன்னொரு சந்தேகம். காலையில ஆறரைக்கு பிள்ளைங்க டிபன், ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்கு. அந்நேரம் மாடிக்குப் போக வழியே இல்ல. மத்தியானம் ஒண்ணரைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு, ஆனா மாடி கொதிக்கும். அப்ப தூங்கிரலாமா?

வடகரை நர்ஸ்

கால் பக்கம் ஜன்னல்தான் சரி, படுத்தபடியே நேராப் பார்ப்பாங்க. தலைப்பக்கம் ரெண்டு தலையணை வச்சா வயலும் தெரியும்.

மத்தியானம் தூங்கலாம், 20 நிமிஷம், மூணு மணிக்கு முன்னால. அரை மணியைத் தாண்டினா ஆழ்ந்த தூக்கத்துல இருந்து எழும்ப வேண்டியிருக்கும், தலை கனக்கும், அப்புறம் பிளவுஸ் கை ரெண்டும் ஒரே பக்கத்துக்கு வெட்டிருவீங்க. ராத்திரியில தூக்கம் வரலைன்னா மத்தியானத் தூக்கத்தையும் சாயங்காலக் காபியையும் முதல்ல நிறுத்துங்க. குடிச்ச காபியில பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும்.

சிற்றாற்றங்கரை

தூக்கம் வேற, இது வேற, ஒண்ணுக்கு ஒண்ணு ஈடு கிடையாது. வேன் ஏழே முக்காலுக்குப் போகுதுன்னா எட்டுல இருந்து எட்டரை எடுத்துக்கோங்க. மாமியாரைப் பக்கம் மாத்துற வேலையை ஏழு அம்பதுக்கு வைங்க, அவங்களுக்கு டிபன் அதுக்கு முன்னாலயே, ஏழே காலுக்குள்ள முடியணும். எட்டு மணிக்கு வெயில் ஏறியிருக்கும், ஆனா முதுகுப் பக்கம்தான், தலையில ஒரு துண்டு போதும். மார்ச்ல இருந்து மே வரைக்கும் அதுவும் சுடும், அப்ப மாடியை விட்டுட்டு வீட்டுக்கு மேற்குப் பக்கச் சுவர் நிழல்ல நாற்காலி போடுங்க. பத்து மணி வரைக்கும் நிழல் நிக்கும், மலையும் நேரா இருக்கும்.

கொசு அந்த நேரமும் கடிக்கும், டெங்கு கொசு பகல்லதான் வேலை பார்க்கும். முழுக்கை போட்டுக்கோங்க, மாடியில கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை, பழைய பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் கவுத்துருங்க. அதை ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைச் செய்யச் சொல்லுங்க, எட்டு மணிக்கு நீங்க செய்யாதீங்க.